பதினேழு கீறல்

ரூபாவதி கொண்டுவந்தபோது அது துப்பாக்கியாக இல்லை.
சாக்கில் சுற்றிய இரும்பு, லைசென்ஸ் புத்தகம்,
ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு ரசீது.
"அப்பா பேர்லருந்து என் பேருக்கு மாறிருச்சு.
இது சுடணும்" என்றாள்.
மின்வாரியத்தில் கணக்கு எழுதுகிறவள்.
வாடிப்பட்டிக்கு வடக்கே சிறுமலை அடிவாரத்தில்
நாலு ஏக்கர் கரும்பு,
பாதியைப் பன்றிதான் அறுக்கிறது.

குழல் வாயில் குளவி வீடு கட்டியிருந்தது.
கம்பியால் கிளறினால் செம்மண்,
உள்ளே கால் மடக்கிய ஆறு சிலந்திகள்.

ஒரு திருகும் அசையவில்லை.
டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஒன்பது நாள் ஊறப்போட்டேன்.
பத்தாம் நாள் முதல் திருகு
பல்லி மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்கியது.
ஊசி முறிந்திருந்தது. புதிதாகக் கடைந்தேன்.
தோட்டாக் குழாயின் சுருள்வில்லைத் தொட்டேன்,
காய்ந்த முறுக்குபோல் கையில் உதிர்ந்தது.

கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த யாசின் கூப்பிட்டான்.
"அண்ணே, கீறல். பதினேழு இருக்கு."
இடதுபக்கம், கன்னம் படாத இடத்தில்
அரத்தால் இழுத்த வரிகள்.
அன்றைக்கு அவன் வேலை பார்க்கவில்லை.
டீ கொண்டுவந்த பையன் சிறுத்தை என்றான்.
எதிர் வெல்டிங் கடைக்காரர்
பங்காளித் தகராறு என்று வழக்கையே முடித்துவிட்டார்.
முனிச்சாலை முழுக்க அன்று ரத்த வாடை.

நான் குழலுக்குள் விளக்கு விட்டுப் பார்த்தேன்.
துருவுக்கு அடியில் வரிப்பள்ளங்கள்
நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தன.
லைசென்ஸ் புத்தகத்தில்
வாங்கிய தோட்டா ஐம்பது. இருப்பு ஐம்பது.

கருநீலம் ஏற்றவேண்டும்.
அதற்கு முதலில் துரு பிடிக்கவிட வேண்டும்,
பிறகு கொதிநீர், பிறகு இரும்பு நார், மறுபடி துரு.
வாழ்நாளெல்லாம் துருவைத் திட்டியவன்
அதை வா வா என்று அழைத்தேன்.
அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்கு அதுகூட வரவில்லை.
வீட்டுக் குளியலறையில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டேன்.
நாலு நாள் என் மனைவி
துப்பாக்கி முனையில்தான் குளித்தாள்.

ராத்திரி தூக்கம் வராமல்
அந்த ரசீதுக் கட்டைப் பிரித்தேன்.
வாடிப்பட்டி காவல் நிலையம்.
"தேர்தலை முன்னிட்டு ஒப்படைக்கப்பட்டது."
சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி,
ஒரு இடைத்தேர்தல்.
எண்ணினேன். நம்பாமல்
எச்சில் தொட்டு இன்னொரு முறை எண்ணினேன்.
தனுஷ்கோடி, தனுஷ்கோடி, தனுஷ்கோடி என்று
பதினேழு கையெழுத்து,
கடைசி மூன்றில் கை நடுங்கியிருந்தது.

யாசினிடம் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது அவனுக்கு.
ரூபாவதி மட்டும்
கட்டையை மடியில் வைத்துக்கொண்டு
வரிகளை விரலால் ஒருமுறை தடவிவிட்டு,
"மெருகு போடும்போது இதைத் தேய்ச்சிராதீங்க" என்றாள்.

சுடுதளத்தில், லாரி டயரில் கட்டி,
மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து கயிறு.
முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. டிக்.
பழைய தோட்டா, நின்று யோசிக்கும்.
முப்பது எண்ணவேண்டும், நான் அறுபது எண்ணினேன்.
எங்கோ ஒரு மயில் அகவியது.
நெம்புகோலை இறக்கி ஏற்றினேன்,
அடிபம்பின் கைப்பிடிபோலத்தான்,
தண்ணீருக்குப் பதில் ஒரு பித்தளை எகிறி விழும்.

இரண்டாவது வெடித்தது.
வெற்றுத் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தேன்.
பொட்டு நடுவிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருந்தது.
பரவாயில்லை.
அப்புறம் அவள் தோளில் வைத்துச் சுட்டாள்.
காதடைத்த முகத்தோடு சத்தமாக,
"இவ்வளவுதானா?" என்றாள்.
மறுபடி நிரப்பச் சொன்னாள்.
புத்தகத்தில் அவளே எழுதினாள்:
இருப்பு நாற்பத்தாறு.

பன்றி எதுவும் விழுந்ததாகத் தகவல் இல்லை.
ஏழாவது வாரம் தேர்தல் தேதி வந்தது.
ஸ்டேஷனில் கொடுக்கப் போகுமுன்
உறையோடு கடைக்கு வந்தாள்.
"இது பதினெட்டு. கோடு
குடுக்கும்போது போடணுமா, வாங்கும்போதா?
அப்பா எப்பப் போட்டார்னு தெரியலையே."
ரசீதில் அது எழுதியிருக்காது.
மூன்று மூலை அரம் ஒன்றைத்
தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

இன்னும் திருப்பித் தரவில்லை.