பெஞ்சை நகர்த்தியவள்

ஹுலியாக்காவில் ஜூன் மாதம்
வாளித் தண்ணீர் கல்லாய்க் கிடக்கும் நேரத்தில்
என் வேலை தொடங்குகிறது.
மூன்றாம் வார்டில் பதினொரு ஜன்னல்.
பதினொன்றையும் திறப்பேன்.
முதுகைத் திருப்பியதும்
ஃபோர்த்துனாத்தோ நான்கை மூடுவார்.

"காசம் கொல்லுமுன்னே குளிரால் கொல்கிறாயே"
என்பார். நியாயம்தான்.
அல்பாக்கா ரோமத்தில் இன்னொரு போர்வை கொடுத்தேன்.
ஜன்னலை விட்டுக்கொடுக்கவில்லை.

இருமலை எல்லோரும் பார்க்கிறார்கள்.
நெஞ்சு குலுங்குகிறது, கைக்குட்டை வருகிறது,
முடிந்தது என்று நினைக்கிறார்கள்.
பெரிய துளி போர்வையில் விழும்.
அதை நான் துவைத்துவிடுவேன்.
சிறியது விழாது.
வெயில் கீற்றில் தூசி நிற்குமே,
அதைவிடச் சின்னதாய் நின்றுகொண்டிருக்கும்,
இருமியவர் எழுந்து கழிப்பறைக்குப் போன பிறகும்
யாருடைய அடுத்த மூச்சுக்காகவோ.

அதனால்தான் நோயாளிக்கு மெல்லிய முகக்கவசம்,
உள்ளிருப்பது வெளியே போகாதிருக்க.
எங்களுக்குத் தடித்தது,
வெளியிலிருப்பது உள்ளே வராதிருக்க.
படம் எடுக்க வந்த இயக்குநர் மெல்லியதைப் போட்டிருந்தார்,
மூக்குக்குக் கீழே.

புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டியதும் அவர்தான்.
திறக்க வராத கண்ணாடி. தாழ்ந்த கூரை.
காற்றை மாற்ற ஓர் இயந்திரம்.
அதற்கு ஃபில்டர் லீமாவிலிருந்து வரவேண்டும்.
வந்துகொண்டேயிருக்கிறது, மூன்று வருஷமாக.
டாக்டர் உர்க்கிஸோ அங்கே போய் உட்கார்ந்தார்,
வெதுவெதுப்பாக இருக்கிறதாம்.
இப்போது அவர் என் ஏழாம் படுக்கை.
அவர் ஜன்னலை மூடுவதில்லை.

நான் சொல்ல வந்தது பெஞ்சைப் பற்றி.

ஆகஸ்டில் நீல்டா வந்தாள்,
ஏழு மாதக் கைக்குழந்தையோடு, சளியில் ரத்தத்தோடு.
எங்கள் வார்டுக்குள் கால் வைத்ததே இல்லை.
வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.
இரண்டு வாரம் கழித்து இன்னொருத்தி,
அவளுக்கும் மடியில் பிள்ளை.
இரண்டு பேரின் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
வேறு ஊர், வேறு தொழில்.
கர்ப்பகாலச் செக்கப் மட்டும் ஒன்று:
புதன்கிழமை, பிற்பகல்.
புதன்கிழமைப் பெண்கள் காத்திருக்கும் பெஞ்ச்
தாழ்வாரத்தில், எங்கள் கதவுக்கு நேர் எதிரே.

சந்தையில் ஒரு பாலோ சாந்தோ குச்சி வாங்கினேன்.
"யாருக்குக் கண் பட்டது?" என்றாள் விற்றவள்.
காற்றுக்கு, என்றேன்.

காலையில் கொளுத்திக் கதவருகே பிடித்தேன்.
புகை சமர்த்தாக ஜன்னலுக்குப் போனது.
மூன்று மணிக்கு மறுபடி கொளுத்தினேன்.
ஏரிப் பக்கமிருந்து காற்று எழுந்திருந்தது.
நான் திறந்த பதினொரு ஜன்னல் வழியாகவும் அது வந்தது.
புகை திரும்பி, என் தோளைத் தாண்டி,
கதவிடுக்கில் ஒல்லியாகி,
தாழ்வாரத்தைக் கடந்து
பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

குச்சி விரலைச் சுடும்வரை நின்றேன்.

நிரூபிக்க முடியாது. பேருந்தில் ஒட்டியிருக்கலாம்,
சந்தையில் ஒட்டியிருக்கலாம்.
டாக்டர் உர்க்கிஸோவே படுக்கையிலிருந்து அதைச் சொன்னார்,
என்னைத் தேற்ற.
ஆனால் புகையைப் பார்த்தவள் நான்.

அன்றிரவே நானும் சலவை அறை வில்பரும்
பெஞ்சின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம்.
துருப்பிடித்த ஆணி என் பாவாடையைக் கிழித்தது.
முற்றம் தாண்டி, தகரக் கொட்டகை ஓரம்,
வானம் பார்க்க வைத்தோம்.
கதவுக்கு ஒரு ஸ்பிரிங் போட்டான் வில்பர்,
தானே மூடிக்கொள்ள.

அனுமதியின்றி அரசுச் சொத்தை இடம் மாற்றியதற்கு
மெமோ வந்தது. முத்திரை நன்றாக விழுந்திருந்தது.
அதை மடித்து
ஆறாம் ஜன்னல் ஆடாமலிருக்க அண்டக் கொடுத்திருக்கிறேன்.

இன்று புதன்கிழமை.
முற்றத்தில் பெண்கள் வெயில் நகர நகர
பெஞ்சில் ஒருவரையொருவர் இடித்து நகர்கிறார்கள்.
"எந்த மகராசி இதை இங்கே போட்டாள்,
எலும்பெல்லாம் நடுங்குது" என்று
ஒருத்தி திட்டுவது ஜன்னலில் கேட்கிறது.
குளிரில் அவள் மூச்சு வெள்ளையாய்த் தெரிகிறது.
கொட்டகைக் கூரைவரை எழும்பி,
அதையும் தாண்டிப் போகிறது.