பக்கம் 73, அடிக்குறிப்பு 2

இடது ஓரம் ஒன்றரை அங்குலம்.
மற்ற மூன்றும் ஒன்றே ஒன்று.
பல்கலைக்கழகமே விதியாக எழுதிவைத்திருக்கும்
ஓரவஞ்சனை.

சாஸ்கடூனில் இரவு பதினொன்றே கால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வேளாண் கட்டடத்தின் நான்காம் மாடியில்
நானும் ஹீட்டரின் இருமலும்
‘இறுதி_7_இதுவே இறுதி’ என்றொரு கோப்பும்
விழித்திருக்கிறோம்.

நன்றியுரை, ரோமன் எண் நான்கு:
பேராசிரியர் ஹில்டிபிரான்ட்டுக்கு இரண்டு வரி,
பனியில் துளையிடும் கருவியைக்
கடன் தந்த கர்ட்டிஸுக்கு ஒன்று,
அப்பாவுக்கு எழுதிய ஆறு வரியை
மூன்றாக்கி, ஒன்றாக்கி,
பெயர் மட்டும் மிஞ்சியது:
ச. தெய்வநாயகம்.
கேட்பவர்களிடம் அவர் இன்னும்
‘ஏதோ உப்பு ஆராய்ச்சி’ என்றுதான் சொல்கிறார்.
தப்பில்லை.

சாலையில் தூவிய உப்பு
உருகும் பனியோடு ஆற்றில் இறங்குவதை
இரண்டு குளிர்காலம் அளந்தேன்.
நாற்பத்தெட்டு வாரம், வாரம் ஒரு குப்பி.
அட்டவணையில் நாற்பத்தேழு எண்கள்.
முப்பத்துநான்காம் வாரத்துக்கு நேராக
ஒரு சிறு கோடு.

கீழே பொடி எழுத்தில்:
‘பனிப்பாளம் மெலிந்திருந்ததால்
மாதிரி எடுக்கப்படவில்லை.’

எடுக்கப்படவில்லை.
செயப்பாட்டுவினை
எவ்வளவு கதகதப்பான போர்வை.

அன்றைய பனிமேல் லாரியே ஏறலாம்.
முந்தைய நாள் யாரோ ஒருவர்
நாற்காலி போட்டு, நாயோடு
மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.
நான்தான் எழவில்லை.
காய்ச்சல் இல்லை. கெட்ட செய்தி இல்லை.
கதவருகே பூட்ஸ் நின்றது.
கட்டிலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு
இருட்டும்வரை கிடந்தேன்.
மறுநாளும், கொஞ்சம்.

தேர்வுக் குழுவில் மூவர் கேட்ட
பதினேழு கேள்விகளில் அந்தக் கோடு வரவில்லை.
ஹில்டிபிரான்ட் மூன்று முறை திருத்தியதில்
என் காற்புள்ளிகள் எல்லாம் சிவந்தன;
கோடு கறுப்பாகவே இருந்தது.

பதினொன்று நாற்பது.
பி.டி.எஃப். ஆக்கும் முன்
அந்த வரியை அழித்துவிட்டுத் தட்டினேன்:
‘பனிப்பாளம் உறுதியாகவே இருந்தது.
ஆய்வாளர் அன்று ஆற்றுக்குச் செல்லவில்லை.’
ஏன் என்று கேட்கும் கட்டம் எதுவும்
அட்டவணையில் கிடையாது.

சமர்ப்பி.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
பெற்றுக்கொண்டோம் என்றது திரை.

காலையில் அலுவலகத்திலிருந்து மார்லீன் எழுதியிருந்தார்:
‘வாழ்த்துகள். ஒரே ஒரு திருத்தம்.
பக்கம் 73இல் அடிக்குறிப்பு
இரண்டு மில்லிமீட்டர் ஓரத்தில் இறங்குகிறது.
முடிந்தால் சுருக்கவும்.’

வாக்கியத்தைச் சுருக்கவில்லை.
அட்டவணையின் எழுத்தை
ஒரு புள்ளி சிறிதாக்கினேன்.
பேருந்தில் நகர்ந்து உட்கார்பவர்கள்போல
நாற்பத்தேழு எண்களும் நெருங்கிக்கொண்டு
அந்தக் கோட்டுக்கு
இடம் விட்டன.