வடக்கு ஏழு

கோணம் தொழிற்பேட்டையில்
மீன்வலை பின்னுகிற கம்பெனி எங்களது.
பதினாறு மிஷின், இரண்டு ஷிஃப்ட்,
கூலிப் பேரேடு என் மேசையில்.
முதல் பக்கத்தில் பேர்கள்:
மேரி சுபலா, அனீஷ், குளோரி பாய்.
கடைசிப் பக்கத்தில்
வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு,
அப்படியே பதினொன்று வரைக்கும்.

நான்தான் எழுதினேன்.
வாயில நுழையாத பேராக்கும், நம்பர் போடு பிள்ளே
என்றார் சூப்பர்வைசர் வில்பிரட்.
போட்டேன்.
ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

நம்மாட்களுக்கு அறுநூற்றிருபது,
அவர்களுக்கு நானூற்றுத் தொண்ணூறு.
பத்தரை மணிச் சாயா
நமக்கு எவர்சில்வர் டம்ளரில்,
அவர்களுக்குப் பேப்பர் கப்பில்.
கழுவுற வேலை மிச்சம்லா, என்பாள் ரோஸ்லெட்.
அதுவும் சரிதான் என்று நினைத்தவள் நான்.

வலைக்கு மட்டும் அங்கே கறாரான நீதி.
ஒரு கண்ணி ஒரு மில்லிமீட்டர் கூடினால்
முழுச் சுருளும் குளச்சலிலிருந்து திரும்பி வரும்.

இடவப்பாதி பிடித்துப் பெய்த ஒரு ராத்திரி
கரண்டு போய், சொல்லாமல் வந்தது.
வடக்கு ஏழின் இரண்டு விரல்
நைலானோடு போயின.
ஆயோ என்று கத்தினான்.
எனக்கு ஐயோ என்று கேட்டது.
அவன் ஊரில் ஆயோ என்றால் அம்மா.
அது பிறகு தெரிந்தது.

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதுகிறவர் கேட்டார், பேரு?
இரண்டு வருஷமாக
அவன் கூலியை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தவள்,
'வடக்கு' என்று தொடங்கி நிறுத்தினேன்.
திசையைக் கேக்கல்ல, பேரைக் கேட்டேன்.

மருந்து மயக்கத்தில் அவனே சொன்னான்:
சோமா. சோமா பூர்த்தி.
கையிலிருந்த படிவத்தின் தலையில்
அச்சடித்திருந்தது:
எல்லாக் கட்டங்களையும் பூர்த்தி செய்க.
பூர்த்தியா? என்று கேட்டேன்.
பூர்த்தி, என்றான்.
வாயில் நுழையாத பேராம்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினவர்.
பக்கத்துக் கிரேன் வெள்ளைக்காரனுக்கு
நாலு மடங்கு சம்பளம்.
இவரைப் பேர் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை,
ஏ ஹிந்தி என்பார்களாம்,
ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத
கருங்கல்காரரை.
போனில் ஒரு நாள் சொல்லிவிட்டு
வெகுநேரம் பேசாமலிருந்தார்.
அந்தக் காசில் எடுத்த வளையல் போட்ட கையால்தான்
வடக்கு ஒன்று, வடக்கு இரண்டு.

புதுப் பேரேடு வாங்கி
மிஷின் மிஷினாகப் போய்க் கேட்டேன்.
ஒருவன் சிரித்தான்.
ஒருவன் போலீஸா என்று கேட்டு வெளிறினான்.
பிர்சா, லோஹரா, மங்கள், இன்னொரு மங்கள்...
எழுத்துப்பிழை இருக்கும். திருத்திக்கொள்கிறேன்.

பேரு எழுதக் காசா பணமா,
எழுதிக்கோ, என்றார் முதலாளி.
கூலி வேற விஷயம்.
ரெண்டு கூலி எழுத வேற ஆள் பாத்துக்கிடுங்க என்றேன்.
நாக்கு வறண்டிருந்தது.
வீட்டில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை.
நம்ம கூலியக் கொறச்சு அவனுவளுக்குக் குடுப்பாரோ,
மேரி சுபலாவுக்கு அந்தப் பயம்.
அவள் என்னோடு பேசாமலிருந்தது நாலு நாள்.
ஐந்தாம் நாள் வந்து
பேரேட்டில் தன் வரியில் விரல் வைத்தாள்.
பிறகு சோமாவின் வரியில்.
என் மிஷின்தான அது, என்றாள்,
பகல்ல நான், ராத்திரி அவன்.
எழுந்து முதலாளி அறைக்குப் போனாள்.
பின்னாலே குளோரி பாய்.
வில்பிரட் போகவில்லை.
தடுக்கவுமில்லை.

எண்பது ரூபாய் கூடியது.
பதினொரு டம்ளர் வந்தது.
ரோஸ்லெட் இன்னும் முணுமுணுக்கிறாள்.
சோமா இடது கையால் டம்ளரைப் பிடித்து
சுடுது என்கிறான், தமிழில்.

மிச்சம் ஐம்பதை
ஒவ்வொரு பேருக்கும் நேரே
மாசாமாசம் சிவப்பு மையில் எழுதுகிறேன்.
கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் முதலாளி
இதென்ன சிவப்பு என்கிறார்.
பாக்கி என்கிறேன்.