அரைக்கால் அங்குலம்

எட்டு வருஷம் கரும்பலகையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த பின்னம்
அளவு நாடாவில் வந்து அடங்கி உட்கார்ந்தது.
மாகாணி, அரைக்கால், கால், அரை:
குட்டையும் நெட்டையுமாய்க் கோடுகள்,
வகுப்புப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகள் போல.
மாகாணியின் மேல் நகத்தை வைத்தேன்.
இவ்வளவுதானா நீ என்றேன்.

மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலை. ஜனவரி.
காலையில் ஆங்கிலம், வரலாறு.
மதியம் மஞ்சள் பேருந்து எங்கள் ஏழு பேரைத்
தொழிற்கூடத்து வாசலில் உதறிவிட்டுப் போகும்.
உருளைக்கிழங்குக் கிடங்கைவிடப் பெரிய கொட்டகைக்குள்
வருஷத்துக்கு ஒரு வீடு கட்டுகிறோம்,
இரண்டு பாதியாக.
ஜூனில் லாரி வந்து பாதி பாதியாய்த் தூக்கிப் போகும்.
ஆணியை வளைக்கிற கைகள் கட்டுவதால் விலை மலிவு.

இந்த வருஷத்து வீடு திருமதி லவாய் வாங்கியது.
பள்ளி உணவுக்கூடத்தில் கரண்டி பிடிக்கிறவர்.
சாப்பாட்டு வரிசையில் தினமும் ஒரே கேள்வி:
"என் அடுக்களை எப்படி இருக்கு, கோரின்?"
கேட்டபடியே என் தட்டில்
மசித்த கிழங்கு ஒரு கரண்டி கூடுதலாய் விழும்.

பூஷார் சார் ஜூரிக் கடமைக்கு நீதிமன்றம் போயிருந்த செவ்வாய்.
மாற்றாக வந்த பிரெஞ்சு டீச்சர்
கையுறையைக் கழற்றாமல் நாவல் படித்துக்கொண்டிருந்தார்.
குத்துக்கட்டையின் நீளம்
தொண்ணூற்றிரண்டே அரையே அரைக்கால்.
அளந்தேன். மறுபடி அளந்தேன். கோடு சரி.
கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதுதான் நினைவில்லை.
ரம்பத்துக்கும் வயிறு உண்டு.
அது தின்னும் அரைக்காலைக் கழிவில் தின்ன விடணும்.
நான் கட்டையில் ஊட்டினேன்.
அந்தக் கட்டையையே அச்சாக வைத்து
இன்னும் பதின்மூன்று.

வெஸ்லிதான் கண்டுபிடித்தான், சுவரை நிமிர்த்திய பிறகு.
பக்கத்துச் சுவரைத் தொடும் இடத்தில்
தலை கொஞ்சம் கீழே.
"எல்லாமே ஒரே மாதிரிக் குட்டைன்னா அது தப்பில்ல.
அதுதான் அளவு."
அவன் அம்மா ஊர்ச் சபை உறுப்பினர்.
ஒன்றும் சொல்லாமல் பேருந்து ஏறினோம்.
இரவு முழுக்க அந்தச் சுவர்
என் கட்டிலருகே கூன் போட்டு நின்றது.

மறுநாள் வரிசை.
"என் அடுக்களை எப்படி..."
"அரைக்கால் அங்குலம் குட்டை."
பின்னால் தட்டுகள் இடித்தன. கரண்டி அந்தரத்தில் நின்றது.
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கிக் காட்டினேன்,
நடுவே ஒரு கீற்று வெளிச்சம்.
குனிந்து அந்த இடுக்கு வழியே என்னைப் பார்த்தார்.
"நான் நாலடி பதினொண்ணு. எனக்கு இடிக்காது."
கிழங்கு விழுந்தது.
கூடுதல் கரண்டி அன்றைக்கு இல்லை.

அந்த வெறுந்தட்டு இடம்தான் என்னைத் துரத்தியது.
அரைக்கால் தடிமனில் பட்டை பட்டையாய் வெட்டினேன்,
கழிவுப் பக்கம் பெருக்கல் குறி போட்டு,
குறிக்கு மேல் குறி போட்டு.
நாலு பேர் சுவரை நெம்பிப் பிடிக்க
அடியில் ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்பதற்கு
எத்தனை நேரம் எடுத்துக்கொண்டது தெரியுமா!
வெள்ளிக்கிழமை பூஷார் சார் மண்டியிட்டுப் பார்த்தார்.
"என்னது இது?"
"செருப்பு சார்," என்றான் வெஸ்லி.
"நடக்கப் போற வீடாச்சே."

ஜூன் ஒன்பது. அடுக்களைப் பாதி முதலில் கிளம்பியது.
வெட்டுப்பட்ட பக்கம் பிளாஸ்டிக் தாள் படபடக்க,
முன்னே மஞ்சள் விளக்குக் கார்,
பின்னே பழைய சுபாருவில் திருமதி லவாய்,
நடந்தாலே முந்திவிடலாம் என்கிற வேகம்.
பெட்ரோல் பங்க் திருப்பத்தில் வீடு ஒருக்களித்தது.
ஏழு பேரும் பேச்சை நிறுத்தினோம்.
நிமிர்ந்தது. போயிற்று.
கார்ச் சன்னலில் ஒரு கை தெரிந்தது.
கையசைத்தாரா, இரண்டு விரலை நெருக்கிக் காட்டினாரா,
அத்தனை தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

கொட்டகையில் வீடு நின்ற இடம் மட்டும் சுத்தமாய் இருந்தது.
சுற்றிலும் மரத்தூள்.
மீந்த பட்டை ஒன்று
என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது,
பக்கம் நூற்றுப் பதினொன்றில்,
புத்தகத்தைச் சரியாக மூடவிடாமல்.