செவ்வாய்க்கிழமைக்கு முன்

ஹிமேனா,
பல் டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடு.
ஈறெல்லாம் புண்ணான பிறகு
வாயைத் திற என்றால் கடிக்கத் தோன்றும்.
நான் கடித்தேன்.

எவர்சில்வர் கரண்டிகளை உள்ளே வை.
மரக்கரண்டி நாலு போதும்.
மூன்றாம் நாளிலிருந்து எல்லாமே
பழைய நாணயத்தை நக்கியதுபோல் இருக்கும்,
தண்ணீர்கூட.
நண்டு ஆலையில் பதினொரு வருஷம் நின்றவள் நான்,
நண்டு வாசம் எனக்குச் சம்பள வாசம்.
அதுதான் என்னைத் தெருவுக்குத் துரத்தியது.
உன்னை எது துரத்துமென்று
யாராலும் சொல்ல முடியாது.
உனக்கு ரொம்பப் பிடித்ததை மட்டும்
அந்த வாரம் சமைக்காதே.
அதையாவது மிச்சம் வை.

வெப்பமானி படுக்கையருகே இருக்கட்டும்.
முப்பத்தெட்டு காட்டினால்
விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்திருக்காதே.
அட்டையில் பெரிதாக எழுதியிருக்கிறேன்,
கண்ணாடி போடாமலே தெரியும்:
முதலில் ஆஸ்பத்திரி எண்,
அடுத்து என்னுடையது,
அதற்கும் கீழே நெவென்காவுடையது.
அவள் வண்டிதான் உறைபனியிலும் கிளம்பும்.

முடி
இரண்டாம் முறைக்கு முன்பே தலையணையில் கிடந்தது.
எலியேசரைக் கூப்பிட்டேன்.
பருவத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு கத்தரிக்கிறவன்,
ஒன்றின் மேலும் கீறல் விழாது.
சமையலறை நாற்காலியில் நான்,
தோளில் மேசைவிரிப்பு.
கத்தரி நெற்றியைத் தொட்டதும்
அவன் கை நின்றுவிட்டது.
ஆடு இப்படி என்னைப் பார்க்காது, என்றான்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
பிறகு ஒரே மூச்சு.
காதை மடக்கி, பிடரிவரை.
முடித்துவிட்டு, பழக்கதோஷம்,
முதுகில் ஒரு தட்டுத் தட்டி
ம், போ, என்றான்.
அந்த மாதம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

விக் உன் இஷ்டம்.
ஆனால் இது புன்டா அரேனஸ்.
ஒலிவாவின் விக்
கடற்கரைச் சாலையில் பறந்ததையும்
ஒரு நாய் அதைத் தன் குட்டி மாதிரி
கவ்விக்கொண்டு போனதையும்
அவளே சொல்வாள், வியாழக்கிழமை வா.
வியாழன்தோறும் நாங்கள் ஆறு பேர்.
பேச வேண்டுமென்று இல்லை.
ஒருத்தி வந்தால் முழுநேரமும் தூங்குவாள்,
போர்த்திவிடுவோம்.

சூப் வரும். நிறைய வரும்.
வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்து.
பனி வார ஒருவன் வருவான்,
நன்றி சொல்ல வெளியே ஓடாதே.
எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது,
ஊசியைவிட.

பையில் பச்சைக் காலுறை இருக்கிறது.
மில்கா பின்னியது. இடதுகால் கொஞ்சம் பெரிசு.
மில்கா இப்போது இல்லை.
வேறு யாரிடமாவது நீ கேட்குமுன்
நானே சொல்லிவிடுகிறேன்.
அவளுடையது வேறு, உன்னுடையது வேறு,
டாக்டரும் அதைத்தான் சொல்வார்.
நீ நம்பமாட்டாய், பரவாயில்லை.
அந்த அறையில் குளிரும்.
போட்டுக்கொள்.

போன அக்டோபரில்
காற்றுக்கென்று தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள்.
நாலாவது முறை முடிந்து திரும்பும்போது
காற்றே இல்லை.
கொடியில் ஒரு துணிகூட அசையவில்லை.
நான் மட்டும் அந்தக் கயிற்றை
இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நடந்தேன்.
எதிரே ஒரு ஆள், முன்பின் தெரியாதவர்,
பார்த்தார்.
சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு
தொப்பியை ஒரு கையால் அழுத்தி
மறுகையால் கயிற்றைப் பிடித்தார்.
பயங்கரக் காற்று, என்றார்.
ஆமாம், என்றேன்.
இதை உனக்கு எந்தப் பட்டியலில் எழுதுவது
என்று தெரியவில்லை.

செவ்வாய் ஏழரைக்கு வருவேன்.
ஜூன் மாதம், அப்போதும் இருட்டுத்தான்.
ஹாரன் அடிக்கமாட்டேன், பிள்ளைகள் எழுந்துவிடும்.
முகப்பு விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவேன்.
முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை.
அதை மட்டும் மறக்காதே.