காரணம் என்ற கட்டம்

கோஷிட்சே போக்குவரத்துப் பணிமனையில்
பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் நான்.
பேர் போஜெனா. யாரும் கேட்டதில்லை.
கூட்டம் முடிந்ததும் கோப்பைகளை எடுத்து வைப்பேன்,
பிறகு அவர்கள் பேசியதைப் பேசாதது போல் எழுதுவேன்.
அதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரி.

டெனிசா கலேயோவா வந்தது நவம்பரில்.
கனரக உரிமம். பர்னோவில் ஆறு வருடம் லாரி.
ஒரு விபத்து இல்லை, ஒரு அபராதம் இல்லை.
கண்ணாடியைத் திருப்புவதற்கு முன்
இருக்கையை ஒருமுறை தட்டினாள்,
குதிரையைத் தட்டுவது போல.
சோதனை ஓட்டத்தில் தேர்வாளர் வாய் திறக்கவில்லை.
திறக்க ஒன்றும் இருக்கவில்லை.

அவள் போனதும் ஹுராய் விண்ணப்பத்தைப் புரட்டினார்.
விலாசத்தில் விரல் நின்றது.
பதினேழாம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தம்,
ரோமாக்கள் வாழும் அடுக்குமாடிகள்.
"நல்ல பெண்தான். ஆனால் நம்ம ஆட்களோடு ஒட்டாது."
யாரோ தலையாட்டினார்கள். யாரோ பிஸ்கட் எடுத்தார்கள்.
நான் எழுதினேன்: அனுபவம் போதாது.

அழகான கையெழுத்து என்னுடையது.

ஜனவரியில் அலமாரி மாற்றினோம்.
பழைய கோப்புகளைத் தூசி தட்டும்போதுதான் படித்தேன்;
எழுதும்போது படித்ததே இல்லை.
நாலு வருடம். பதினோரு பேர். அனுபவம் போதாது.
அதில் ஒருவர் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர்.
பதினோரு விலாசமும் ஒரே நிறுத்தத்தில் இறங்கின.

தினம் நாற்பது தடவை
எங்கள் பேருந்து அங்கே போகிறது.
திரும்பும்போது பயணிகளை ஏற்றிக்கொள்கிறது,
ஓட்டுநரை மட்டும் ஏற்றுவதில்லை.

வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.
ஆனால் அது முகத்தில் வரவில்லை, வயிற்றில் வந்தது,
திரிந்த பாலைக் குடித்துவிட்டது போல.

அடுத்த கூட்டம். மிலான் துங்கா.
அதே விரல், அதே வரி. "ஒட்டாது."
நான் குரலை உயர்த்தவில்லை.
"எதோடு ஒட்டாது, ஐயா? எழுதிக்கொள்ள வேண்டும்."
ஹீட்டர் குழாய் டக் டக்கென்றது.
"வழக்கம் போல எழுது."
"வழக்கம் போல எழுதினால் பொய்யாகிவிடும்.
நீங்கள் சொன்னதையே எழுதுகிறேன்,
கீழே கையொப்பம் போட்டுக் கொடுங்கள்."

பெரிய வீரம் ஒன்றுமில்லை.
மேஜைக்கடியில் என் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.
அவர் காகிதத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.
காற்றில் விடும்போது எடையற்றிருந்த சொல்;
காகிதத்திலிருந்து அதைத் தூக்க
அவர் கைக்கு ஆகவில்லை.

படிவத்தில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது: காரணம்.
இரண்டு விரல் அகலம். நிரப்பச் சிரமப்படுகிறார்கள்.
பெயரையும் விலாசத்தையும் மறைத்த பிரதிதான்
முதலில் மேஜைக்கு வருகிறது.
மறைக்கும் கறுப்புப் பட்டை என் கத்தரிக்கோலில் வெட்டியது.

டெனிசாவுக்குத் தொலைபேசினேன்.
ஆஸ்த்ராவாவில் டிராம் ஓட்டுகிறாளாம்.
"தாமதம்," என்றாள், கால அட்டவணை வாசிப்பது போல, கோபமில்லாமல்.
பிறகு, "உங்கள் பெயர்?"
சொன்னேன்.

மார்ச்சில் துங்கா வேலைக்குச் சேர்ந்தார்.
கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

இன்று காலை உணவறையில்
எல்லாக் கோப்பையும் வெள்ளை, எல்லாம் ஒரே அடுக்கில்.
ஒன்று மட்டும் ஜன்னலோரம் தனியாக,
கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி.
துங்கா அதைப் பார்த்தார். நூலை அவிழ்க்கவில்லை,
காபியும் குடிக்கவில்லை.
சட்டைப் பையில் வண்டிச் சாவியைத்
தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனார்.
நின்ற பேச்சு மறுபடி தொடங்கியது, கால்பந்தைப் பற்றி.

கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன்.
தேதி போட்டேன்.
கோப்பை: ஒன்று. நூல்: சிவப்பு.
"கட்டியது யார்?" என்று சத்தமாகக் கேட்டேன்.
"எழுதிக்கொள்ள வேண்டும்."