பெயர்த்தல்

தெற்குக் கரோலினாவின் உப்பங்கழி ஓரம்.
ஏழு மணிக்கே வெயில் வேலைக்கு வந்துவிட்டது.
காவல் கூண்டில் அனுமதிச் சீட்டு வாங்கி
வண்டிக் கண்ணாடியில் செருகினாள் வெர்னெல் சிஸம்.
ஏணி. துளைப்பான். சின்னக் கடப்பாரை.
பணியாணை ஒரு தாள்:
‘ஹெரன் க்ரீக் பிளான்டேஷன்’ என்பதில்
கடைசிச் சொல்லை மட்டும் எடுக்கவும்.
சுவருக்குச் சேதம் கூடாது.

பத்து எழுத்து, வெண்கலம்.
எழுத்துக்கு இருபத்திரண்டு டாலர்.

உள்ளே நெல் இல்லை, பருத்தி இல்லை.
நானூற்றுச் சொச்சம் வீடுகள்,
பதினெட்டுக் குழி கோல்ஃப்,
கடிகாரம் பார்த்துப் பொங்கும் நீரூற்று.
இங்கே குடியிருப்பவர்கள் எதையும் நட்டதில்லை.
நட்டுத் தர ஆள் வருகிறது செவ்வாய்தோறும்.

சொல்தான் நட்டது.
முதலில் அயர்லாந்தில்:
இருந்தவனைப் பிடுங்கிவிட்டு
அரசன் தன் ஆளை ஊன்றியதற்கு அந்தப் பெயர்.
பயிர் பிறகுதான் வந்தது.
முதல் நாற்று மனிதன்.
கடல் தாண்டி இங்கே வந்ததும்
நடுகிறவன் என்றால் நிலத்துக்காரன் என்று
அகராதி சொன்னது,
அவன் முழங்காலில் ஒருநாளும் சேறு இல்லை.
குனிந்து நட்டவளுக்கு அகராதியில் இடமில்லை.
கணக்கேட்டில் இருந்தது ஒரு வரி:
பைனா. வயது பத்தொன்பது. நெல் தெரியும். நானூறு.

முதல் எழுத்து சுலபமாக வந்தது.
நான்காவதில் திருகாணி துருப்பிடித்து
அரை மணி நேரம் அழ வைத்தது.
‘ஓ’வின் வயிற்றில் குளவிக் கூடு.

கோல்ஃப் வண்டியை நிறுத்தி ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.
“பூந்தோட்டம் மாதிரி ஏதோ என்றுதான்
நாங்கள் நினைத்திருந்தோம்.
வெறும் சொல்தானே?”
“அந்தத் திருகாணி கீழே விழுந்துவிட்டது, சார்.
கொஞ்சம் எடுத்துத் தருகிறீர்களா?”
அவர் குனிந்தார்.
நன்றாகவே குனிந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

பதினொன்றரைக்குப் பத்தும் இறங்கிவிட்டன.
சுவரில் அப்படியே இருந்தது சொல்,
நாற்பது வருடம் வெயில் படாத இடம்
வெளிறி, இன்னும் தெளிவாக.
சோப்பு போட்டாள், அமிலம் போட்டாள்.
அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.
“விடு,” என்றார்கள், “மல்லிகைக் கொடி ஒன்று
நட்டு மறைத்துவிடலாம்.”

அவளுடையவர்கள் ஒன்பதாம் குழிக்குப் பின்னால்
கருவாலி மரத்தடியில் கிடக்கிறார்கள்.
பார்க்க வர வேண்டுமென்றால்
மூன்று நாள் முன்னால் எழுதிக் கேட்க வேண்டும்,
உறவை நிரூபிக்க வேண்டும்.
இன்றைய சீட்டில் ‘ஒப்பந்தக்காரர்’ என்றிருந்தது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

சிப்பிகள் பதித்த மேடுகள்,
நின்றுபோன கடிகாரம், காதறுந்த கோப்பை,
நடுவில் யாருடையதோ ஒரு கோல்ஃப் பந்து.
அதை வேலிக்கு வெளியே எறிந்தாள்.
ஓரத்தில் கல்லே இல்லாத ஒரு பள்ளம்.
மழை பெய்தால் முதலில் அங்கேதான் நீர் நிற்கும்.
வண்டிக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தாள்.
ஒரு சாண் ஆழம் போதுமாக இருந்தது.

மாலை, பழைய இரும்புக் கடை.
எடைத் தட்டில் கலைந்து கிடந்தவற்றைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான் பையன்.
“என்ன எழுதியிருந்தது இது?
ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கிறதே.”

“எடையைச் சொல்லு,” என்றாள்.
ரசீதில் ஒன்பது என்று எழுதினான்.